ஏற்பது இகழ்ச்சியா?

பிறர் கொடுப்பதைப் பெற்று வாழ்வது இழிவா? இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூறுவது கடினம். திருக்குறளில் ‘இரவு’, ‘இரவச்சம்’ என்ற இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. கேட்பதில் பழியில்லாத நிலையும் உண்டு. கேட்க நினைத்தாலே உயிர் கூசும் நிலையும் உண்டு.

கணவனை இழந்து, குழந்தையுடன் தனித்து வாழும் ஏழைத் தாய்க்கு இது ஏட்டளவில் நிற்கும் கேள்வியன்று. கேரள அரசு வழங்கும் விதவை ஓய்வூதியம் 2025 நவம்பரில் மாதம் 1,600 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. நாளொன்றுக்குச் சுமார் 66 ரூபாய். அதைப் பெறுவதற்கு, குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டவில்லை என்று அவள் காட்ட வேண்டும். 60 வயதுக்கு உட்பட்டவளாயின், மறுமணம் செய்துகொள்ளவில்லை என்ற சான்றிதழையும் ஆண்டுதோறும் அளிக்க வேண்டும். வறுமை தரும் துன்பத்தோடு, அதை மீண்டும் மீண்டும் மெய்ப்பிக்கும் துன்பமும் சேர்ந்துகொள்கிறது.

திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவரும் அரசுக் கருவூலத்திலிருந்தே ஓய்வூதியம் பெறுகிறார். அதை யாரும் பிச்சை என்பதில்லை. அவர் உழைத்துப் பெறுகிறார் என்பர், உண்மையே. அத்தாயும் உழைக்கிறாள். பகலில் கூலிக்கும், இரவில் குழந்தைக்காகவும் உழைக்கிறாள். நாளைய குடிமகனை வளர்க்கும் அந்த உழைப்புக்கு எந்தப் பேரேட்டிலும் பதிவு இல்லை. அவள் வாங்கும் சோப்பிலும் தீப்பெட்டியிலும் வரி இருக்கிறது. பொதுப்பணத்தில் அவளது காசும் கலந்திருக்கிறது.

நமது அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவு இதை உணர்ந்திருக்கிறது. வேலையின்மை, முதுமை, நோய் முதலியவற்றோடு, தன் குற்றமின்றி ஒருவருக்கு நேரும் வறுமையையும் அது குறிப்பிடுகிறது. நீதிமன்றத்தின் மூலம் வலியுறுத்த இயலாத நெறிதான் அது. எனினும் பொது உதவியை அது ‘உரிமை’ என்றே அழைக்கிறது.

உதவி பெறுவது முயற்சியைக் கெடுக்காதா என்று சிலர் ஐயுறுவர். 1998-இல் கேரளத்தில் தொடங்கிய குடும்பஸ்ரீ, ஏழைப் பெண்களைச் சிறு குழுக்களாக இணைத்து, சேமிக்கவும் தொழில் செய்யவும் வழிகாட்டியது. கால் ஊன்றச் சிறிது நிலம் கிடைத்தால் மனிதர் நடக்கவே விரும்புகின்றனர் என்பதை அது காட்டுகிறது. ஆயினும் கைக்குழந்தையை ஒப்படைக்க ஆளில்லாதவளிடம் ‘முயற்சி செய்’ என்று கூறுவது அறிவுரையாகாது.

பிட்சை ஏற்கும் துறவியின் கால்களில் விழுந்து வணங்கும் சமுதாயம் இது. அவரிடம் அது வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. ஓர் உயிரை வளர்ப்பதற்காகக் கைநீட்டும் தாயை மட்டும் ஐயத்துடன் நோக்குமானால், குறை அவளது கையில் இல்லை. நோக்கும் கண்ணில் இருக்கிறது.