தெருவிலே பூதம், மறுநாள் மௌனம்



எம்பெருமான் திருவருளால் இவ்வருட மலரிலும் சில வார்த்தைகள் எழுதும் பேறு கிடைத்துள்ளது. இம்முறை இந்தோனேசியாவின் பாலித் தீவைப் பற்றிச் சொல்ல விரும்புகின்றேன். அங்கு சென்றவன் அல்லன். வாசித்தும் படங்களில் பார்த்தும் அறிந்ததே. இசுலாமியர் பெருந்தொகையாக வாழும் அந்நாட்டிலே, இந்துக்களே பெரும்பான்மையினராக உள்ள தீவு அது.

எமது பஞ்சாங்கத்திலே சாலிவாகன சகாப்தம் என்று ஓர் இலக்கம் இருக்கும். எம்மில் எத்தனை பேர் அதைப் பார்க்கின்றோம்? பாலி மக்களோ கி.பி. 78 இலிருந்து எண்ணப்படும் அந்தச் சக வருடத்தைக் கொண்டே புத்தாண்டு கொண்டாடுகின்றனர். 'நியேப்பி' என்பது அத்திருநாளின் பெயர். 2025 இல் அது மார்ச் 29 இல் வந்தது. சக வருடம் 1947.

முதல்நாள் நாற்சந்திகளிலே பூதகணங்களுக்குப் படையலிடுவர். பொழுது சாய ஊர்வலம் புறப்படும். 'ஓகோ ஓகோ' எனப்படும் பென்னம்பெரிய பூத உருவங்கள், கோரைப்பல்லும் பிதுங்கிய விழியுமாய், மூங்கிற் சட்டங்களில் ஏறி வரும். ஒவ்வொரு ஊர்ப்பிரிவு இளைஞரும் வாரக்கணக்காக இரவிரவாய் இருந்து, மூங்கிலும் கடதாசியும் கொண்டு கட்டியவை. அவற்றைத் தோளிலே சுமந்து, தாளமும் மேளமும் தீப்பந்தமுமாகத் தெருவழியே வந்து, சந்திகளிலே நின்று சுழற்றுவர். எங்கள் சூரன்போரைக் கண்டவர்களுக்கு விளங்கும். முடிவிலே பல உருவங்கள் தீக்கிரையாகும். அத்தனை நாள் பாடும் ஒரு மணித்தியாலத்திற் சாம்பல்! இந்த ஊர்வலம் புராதனமானது என்று எண்ண வேண்டாம். 1980களிலேதான் தீவெங்கும் பரவியது. இளையவர்கள் ஆரம்பித்ததைப் பெரியவர்கள் தள்ளிவிடவில்லை.

மறுநாள் காலை ஆறு மணி தொடக்கம் இருபத்துநான்கு மணித்தியாலம் தீவே அடங்கிவிடும். நெருப்பு மூட்டுதல், தொழில், பயணம், களியாட்டம் நான்கும் இல்லை. விமான நிலையமும் மூடப்படும். அவசர நோயாளருக்கு மட்டும் வழி விடுவர். பூதத்தைத் தெருவிலே எரித்தவன், தன்னுள்ளே இருப்பதைப் பார்க்க ஒருநாள் வேண்டும் அல்லவா? ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு மணி நேரம் இருக்க முடியாத எமக்கு இது வியப்புத்தான்.

அடுத்த நாள் உறவினர், அயலவர் வீடுகளுக்குச் சென்று ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பர். இவ்விடத்தில் அடியேன் ஒன்று சொல்லியாக வேண்டும். சென்ற வருடம் சூரனைப் புதிதாகச் செய்யவேண்டும் என்று எமது வாலிபர்கள் கேட்டு வந்தனர். முப்பது வருடம் கந்தோரிலே கோப்புப் பார்த்த பழக்கம் போகுமா? "நிதியில்லை, எழுத்திலே தாருங்கள்" என்றேன். அவர்களில் ஒரு பிள்ளை ஏதோ சொல்ல, நானும் சபையிலே வைத்துச் சொல்லத் தகாத வார்த்தை சொல்லிவிட்டேன். அன்று தொடக்கம் அவன் வெளிவீதியிலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போகின்றான்.

கொடியேற்றத்துக்கு இன்னும் சில நாட்களே உள்ளன. அதற்கு முன்பாக அவன் வீட்டுப் படலையை நான்தான் போய்த் திறக்க வேண்டும். சூரனுக்குரிய மூங்கிலையும் அவனிடமே கேட்கலாம் என்றிருக்கின்றேன்.