வல்லரசு சாயும்போது யார் மேல் விழுகிறது?

அமெரிக்கா சரிகிறது என்று யாராவது எழுதினால் நமக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்க்கிறது. வியட்நாம், ஈராக் எல்லாம் ஞாபகத்துக்கு வருகின்றன. ‘ஆடுனது போதும், நல்லா வேணும்’ என்று தோன்றுகிறது. இந்த சந்தோஷம் நியாயமானதுதானா? இதைக் கொங்குநாட்டில் உட்கார்ந்தே யோசிக்கலாம். ஏன்னா, நமக்கு இது மூன்றாவது வல்லரசு.

முதலாவது ரோம். வெள்ளலூர்ப் புதையல்களில் கிடைத்த வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், டைபீரியஸ் முகங்கள் இருக்கின்றன. கொடுமணலில் பட்டை தீட்டிய கல்மணிகளைப் போன்ற சரக்குகள் பாலக்காட்டுக் கணவாய் தாண்டி முசிறிக்குப் போய்க் கப்பலேறின. ரோம் தளர, அந்த வணிகமும் தேய்ந்தது. பேரரசர்களின் முகம் காசில் தங்கிவிட்டது. மணிக்குத் துளை போட்டவர் முகம் எதிலும் இல்லை.

இரண்டாவது பிரிட்டன். 1888-ல் கோவையில் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. அதே காலத்தில் லங்காஷயரில் தறிகள் நின்றுகொண்டிருந்தன. 1931 செப்டம்பரில் காந்தி அங்கே டார்வென் ஊருக்குப் போனார். அவர் நடத்திய அந்நியத் துணி புறக்கணிப்பும் அந்த ஊர்க்காரர்கள் வேலையிழக்க ஒரு காரணம். ஆனாலும் அவர்கள் அவரை அன்போடு வரவேற்றார்கள். அவர் வருத்தப்பட்டார், ஆனால் புறக்கணிப்பைக் கைவிடவில்லை. நாலு மாசத்துக்குள், 1932 ஜனவரியில், திருப்பூரில் கொடி பிடித்துப் போன குமரன் போலீஸ் தடியடியில் செத்துப்போனார்.

இந்த இரண்டையும் நான் சேர்த்தே பார்க்கிறேன். ஆதிக்கத்தை எதிர்ப்பது சரி. அந்த எதிர்ப்பில் அடிபடப்போகிற சாதாரண ஆளை நேரில் போய்ப் பார்ப்பதும் அதே அறத்தின் பகுதிதான்.

சரி, லங்காஷயர் விழுந்து கோவை எழுந்ததே, நியாயம் வந்துவிட்டதா? 1946 ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையம் மில் தொழிலாளர்கள் நாலு பேர் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். மில்லின் அடியாள் ஒருவன் கொலையான வழக்கு அது. மில் வெள்ளைக்காரனுடையது அல்ல. சட்டமும் கயிறும் மட்டும் அவனுடையவை. இன்னும் பத்தொன்பது மாதத்தில் மூட்டை கட்டப்போகிற சாம்ராஜ்யம் அது. சாய்கிற அரசின் கைக்கு பலம் குறைந்துவிடுவதில்லை என்பது ஒரு பாடம். முதலாளி நம்மாள் ஆனதால் மட்டும் தொழிலாளிக்கு விடிந்துவிடாது என்பது இன்னொன்று.

இப்போது மூன்றாவது. 2025 ஆகஸ்ட் 7 அன்று இந்தியச் சரக்குகள் மேல் அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது. 27-ஆம் தேதி, ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி அதை 50 ஆக்கியது. திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தச் சந்தைக்குத்தான் போகிறது. ஆர்டர் நின்றால் ஏற்றுமதியாளர் பேங்க்கில் அவகாசம் கேட்கலாம், அரசுக்கு மனு போடலாம். பவர் டேபிளில் உட்கார்ந்திருப்பவருக்கு ஷிப்ட் குறையும், அவ்வளவுதான். அவர் மதுரைக்காரராக இருக்கலாம், ஒடிசாக்காரராகவும் இருக்கலாம்.

‘அப்போ அமெரிக்காவே ஆளட்டும்கறீங்களா?’ இல்லைங்க. ஒரே சர்வரை நம்பி எல்லாத்தையும் ஓட்டுவது ஆபத்து என்பது எங்கள் மென்பொருள் தொழிலில் பாலபாடம். ஒரு தலைநகரில் போடுகிற கையெழுத்து இங்கே ஒரு குடும்பத்தின் வாரச் சம்பளத்தைத் தொடுகிறது என்றால் அந்த அமைப்பு மாறத்தான் வேண்டும். ஆனால் சர்வரை மூன்றாக்கினால் மட்டும் பயனருக்கு உரிமை வந்துவிடாது. பீஜிங், மாஸ்கோ, டெல்லி என்று அதிகாரம் பிரிந்தாலும், பலமுள்ளவன் பதில் சொல்ல வேண்டியதில்லை என்கிற விதி அப்படியே இருந்தால், திருப்பூர் தையல்காரருக்கு என்ன வித்தியாசம்?

அந்த விதி ஒழியட்டும் என்று சந்தோஷப்பட்டால் அது நியாயம். நாற்காலி நமக்குக் கிடைக்கட்டும் என்றால், அது வெறும் ஆசை. எது என்று தெரிந்துகொள்ள உலக வரைபடம் தேவையில்லை. ஒடிசாவிலிருந்து வந்தவருக்கு இந்த ஊரில் நாம்தான் வல்லரசு. ஆர்டர் குறையும்போது யாருடைய ஷிப்டை முதலில் வெட்டுகிறோம், வெட்டும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கிறோமா?