பூமிக்குள் ஒரு காது

நிலத்தைப் பொறுமைக்கு உவமை சொல்வது நம் மரபு. அந்தப் பொறுமைக்கும் எல்லை உண்டு என்பதை 1967 டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் கொய்னா மக்கள் கண்டார்கள். விடியுமுன் வந்த பூகம்பத்தில் ஏறக்குறைய 200 பேர் மாண்டார்கள். சிறு நடுக்கங்கள் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

அங்கே அணை கட்டி, 1962-ஐ ஒட்டித் தண்ணீரைத் தேக்கத் தொடங்கிய பிறகுதான் நடுக்கங்கள் மிகுந்தன. ஆழத்தில் பாறைப் பிளவு ஒன்று முன்பே முறுகி நிற்கிறது. மேலே ஏரியின் பாரம். உள்ளே கசிந்திறங்கும் நீரின் அழுத்தம். பிளவின் பிடி நழுவுகிறது. விஞ்ஞானிகள் தரும் விளக்கம் இது. தொலைவிலுள்ள நகரங்களுக்கு விளக்கேற்றிய தண்ணீரே இங்கே நடுக்கத்தையும் தூண்டியிருக்கிறது.

அந்தப் பிளவை உற்றுக் கேட்க ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத் துளைகளில் அதிர்வுக் கருவிகளை இறக்கியிருக்கிறார்கள். 2017-இல் ஒரு துளை 3 கிலோமீட்டரை எட்டியது. மேற்பரப்பில் காற்றும் வண்டிகளும் எழுப்பும் இரைச்சலில் நுண்ணிய அதிர்வுகள் அமுங்கிப் போகும். ஆழத்திலோ அமைதி, சின்னஞ்சிறு அசைவும் அங்கே பதிவாகும்.

'சரி, அடுத்த பூகம்பம் என்றைக்கு?' என்று கேட்கிறோம். அதைக் கருவி சொல்லாது. கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 1993-க்குள் பூகம்பம் வரும் என்று கணித்துக் கருவிகளோடு காத்திருந்தார்கள். அது வந்தது 2004-இல். தெளிவான முன்னறிவிப்பு எதுவும் தராமலே வந்தது.

நாள் சொல்லாத கருவியால் என்ன பயன் என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குள் ஓர் ஆசை ஒளிந்திருக்கிறது. நாள் தெரிந்தால் அன்றைக்கு மட்டும் விழித்திருந்து, மற்ற நாளெல்லாம் நிம்மதியாகத் தூங்கலாம் அல்லவா? இடம் தெரியும், நாள் தெரியாது என்னும் அறிவு நம்மை அப்படித் தூங்கவிடாது. அது ஒவ்வொரு நாளையும் கடமையாக்குகிறது. சாவைப் பற்றி நாம் அறிந்திருப்பதும் இவ்வளவுதானே? அதனால் யாரும் வாழ்க்கையை ஒழுங்காக நடத்தாமல் விட்டுவிடுவதில்லை.

பூகம்பத்தில் மனிதர்களைக் கொல்வது பெரும்பாலும் நிலமல்ல. அவர்கள் மேல் விழும் சுவர். 1967-க்குப் பிறகு கொய்னா அணையைப் பலப்படுத்தினார்கள். அது அவசியமான வேலை. ஆனால் அந்த அணையின் பக்கத்தில் கல்லும் மண்ணும் அடுக்கிய வீட்டில் படுத்திருக்கும் ஏழையின் சுவருக்கும் அதே அக்கறை கிடைக்க வேண்டாமா? தண்ணீரைத் தேக்கியவர்களும் அதன் பயனை அனுபவிப்பவர்களும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

தெரியாமல் நேர்வது விபத்து. பூமிக்குள் காது வைத்துக் கேட்ட பிறகும் சும்மா இருந்தால், அதற்கு விபத்து என்று பெயர் சொல்லித் தப்ப முடியாது.