அணையா விளக்கும் அடுத்த வீடும்

2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது, திருக்கழுக்குன்றத்தில் நம் தெருவும் இருண்டது. அது திருவருகைக் காலம். பேட்டரிக்கு நீர் ஊற்றி இன்வெர்ட்டரை ஆயத்தமாய் வைத்திருந்தோர் முன்மதியுடையோரே. ஆயினும் ஒரு வினா உறுத்துகிறது: உவமையின் முன்மதியுள்ள தோழியர் எண்ணெயைப் பகிரவில்லையே, நாமும் கதவடைத்துக்கொள்ளலாமா?

அவ்வெண்ணெய் ஆன்மாவின் விழிப்பைக் குறிப்பது. அதைக் கடன் கொடுக்க இயலாது. மின்சாரமோ பகிரத்தக்கது. நாம் மின்விசிறியை ஒரு மணி நேரம் நிறுத்தினால் மிஞ்சுவது, அடுத்த வீட்டு ஆஸ்துமா நோயாளியின் நெபுலைசரைப் பத்து நிமிடம் இயக்கப் போதும். விழித்திருத்தல் என்பது அயலாரின் இருமலைக் கேட்பதும் ஆகும்.

ஆகவே, அடுத்த பருவமழைக்கு முன் வீட்டுத் தேவையைக் கணக்கிடுகையில் அயலார் ஒருவரையும் சேர்த்தே கணக்கிடுவோம். மழையில் நனைந்து நம் கதவைத் தட்டுபவர் ஆண்டவராகவே இருக்கலாம்.