மறைத்துச் செய்த நன்மை

தோல்ஸ்தோயின் இறுதி மாதங்களைச் சித்திரிக்கும் ‘த லாஸ்ட் ஸ்டேஷன்’ என்னும் திரைப்படம் 2009ஆம் ஆண்டு வெளிவந்தது. ஜே பரினி 1990இல் வெளியிட்ட நாவலைத் தழுவி மைக்கேல் ஹொஃப்மன் நெறிப்படுத்திய இப்படம், முதியவரின் மனைவி சோஃபியாவுக்கும் தலைமைச் சீடர் செர்த்கோவுக்கும் இடையே நிகழ்ந்த போராட்டத்தை இளஞ்செயலாளர் புல்ககோவின் கண்கொண்டு நோக்குகின்றது. ஹெலன் மிரனின் நடிப்பிலே சோஃபியா உயிர்பெற்று எழுகிறாள். செர்த்கோவோ வெறும் சூழ்ச்சிக்காரராகச் சுருங்கிவிடுகிறார். கொள்கையா, அன்பா என வினவி, அன்பே என்று பார்ப்போர் எளிதில் விடைகூறப் படம் வழிசெய்கின்றது. அவ்வாழ்க்கையில் எழுந்த அறவினா இத்துணை எளிதானதன்று.

1881க்குப் பின் எழுதியவற்றின் பதிப்புரிமையைத் தோல்ஸ்தோய் 1891இல் பகிரங்கமாகவே துறந்தார். ‘போரும் சமாதானமும்’, ‘அன்னா கரேனினா’ முதலிய முந்திய நூல்களின் வருவாய் குடும்பத்திடமே இருந்தது. பிறர் உழைப்பில் வாழ்வதைக் குற்றமெனக் கருதிய ஒருவர், தம் எழுத்து முழுவதையும் மக்களுக்கே விட்டுச்செல்ல விழைந்ததில் பிழை காண்பது அரிது. பதின்மூன்று பிள்ளைகளைப் பெற்று, அந்நாவல்களின் கையெழுத்துப்படிகளைத் திரும்பத் திரும்பப் பிரதிசெய்த பெண், அவற்றிற் குடும்பத்துக்கும் உரிமையுண்டு என வாதிட்டதிலும் பிழையில்லை. இரு நியாயங்கள் மோதுமிடத்து அவற்றை நேருக்கு நேர் நிறுத்திப் பேசுவதே, உண்மையைச் சமயமாகக் கொண்டவருக்கு உரிய வழியாகும்.

அவர் அதனைச் செய்யவில்லை. 1910 யூலையில், யஸ்னயா பொல்யானாவுக்கு அண்மையிலிருந்த காட்டில், மரக்குற்றியொன்றில் அமர்ந்து, மனைவி அறியாமல் மரணசாசனத்தில் ஒப்பமிட்டார். நூல்களின் உரிமை சட்டப்படி மகள் அலெக்சாந்திராவுக்கு. அவள் வாயிலாக உலகுக்கு. நண்பர் பிருக்கோவ் இந்த இரகசியத்தைக் கண்டித்தபோது, வாரிசுகளைக் கூட்டி வெளிப்படையாகக் கூறியிருக்க வேண்டும் எனத் தம் நாட்குறிப்பில் ஒப்புக்கொண்டார் தோல்ஸ்தோய். பின்னர் செர்த்கோவின் நீண்ட கடிதமொன்று அவர் மனத்தை மீண்டும் மாற்றிற்று. சீடர் எத்துணைக் கொடியவராகக் காட்டப்படினும், பேனாவைப் பிடித்த கை குருவினுடையதே. மனைவியின் கொந்தளிப்புக்கு அஞ்சினார் எனச் சமாதானம் கூறலாம். அவ்வச்சத்துக்குக் காரணமும் இருந்தது. ஆயினும் அம்மறைவு வீடு முழுவதையும் ஐயத்தால் நிரப்பியது. பழைய ரஷ்ய நாட்காட்டியின்படி ஒக்டோபர் 28 விடியுமுன், தமது அறையில் அவள் தாள்களைத் துழாவும் ஓசை கேட்டே, வைத்தியர் மக்கோவித்ஸ்கியுடன் அவர் வீட்டை நீங்கினார்.

வழியில் நோயுற்று, அஸ்தாபோவோ புகையிரத நிலையத்தில், நிலைய அதிபரின் வீட்டில் எண்பத்திரண்டு வயதுக் கிழவர் படுத்துக் கிடந்தார். சோஃபியா தனிப் புகையிரதத்தில் வந்து வெளியே காத்திருந்தாள். அச்செய்தி அவருக்குக் கூறப்படவில்லை. அவருடைய நன்மைக்காகவே மறைக்கிறோம் என்று சூழ நின்றோர் நம்பினர். காட்டில் அவரும் அவ்வாறுதான், மக்களின் நன்மைக்காக என்று, நம்பியிருந்தார். அறிந்திருந்தால் அவளை அழைத்திருப்பாரா, விலக்கியிருப்பாரா என்பது அவரே தீர்மானிக்க வேண்டியதாக இருந்தது. பிறர் தீர்மானித்தனர். நினைவிழந்த பின்னரே அவள் உள்ளே விடப்பட்டாள்.

இக்கட்டத்தைப் படம் பிரிவின் உருக்கமாக்கி அமைதியடைகிறது. ஆனால் அந்நாளிலே பாத்தே நிறுவனத்தார் எடுத்த செய்திப்படச் சுருள் இன்றும் உண்டு. அதிற் சோஃபியா அவ்வீட்டின் சாளரத்தருகே வெளியில் நின்று, உள்ளே எட்டிப் பார்க்கிறாள்.