வில்லங்கச் சான்றில் இல்லாதது

போன மாதம் எங்கள் வீட்டை வாங்கலாமா என்று பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். பள்ளிக்கரணையில், சதுப்பு நிலத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது வீடு. சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு அந்த அக்கா கேட்டார்: "மழைக்கு இங்க தண்ணி வருமா சார்?"

அப்பா யோசிக்கவே இல்லை. "2015-ல வந்துச்சும்மா. அது ஊருக்கே வந்ததுதானே."

பொய் இல்லை. ஆனால் 2021-இல் வாசற்படி வரை வந்ததையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மூன்று நாள் நாங்கள் மாடியிலேயே கிடந்ததையும் அப்பா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. காபி கொண்டுவந்து வைத்தேன், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எனக்கு ஃபேர்போர்ன் ஞாபகமாகவே இருக்கிறது. வேல்ஸ் நாட்டுக் கடற்கரையில் ஒரு சின்ன ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், மாவு வியாபாரம் செய்த ஒரு பணக்காரர் தாழ்வான நிலத்தை வாங்கி உருவாக்கிய கடற்கரை ஊர். நானூறுக்கு மேற்பட்ட வீடுகள். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆற்று முகத்துவாரம், முதுகுக்குப் பின்னால் மலை. கடல் மட்டம் உயர்வதைக் கணக்கில் எடுத்த கடற்கரைத் திட்டம் ஒன்றை குவினெத் மாவட்ட மன்றம் 2013-இல் ஏற்றுக்கொண்டது. இந்த ஊரை என்றென்றைக்கும் காப்பாற்ற முடியாது, 2054 வாக்கில் கைவிட வேண்டியிருக்கும் என்ற பேச்சு அதிலிருந்துதான் தொடங்கியது. ஊர்க்காரர்களில் பலருக்கு விஷயம் தெரிந்ததே 2014-இல் ஒரு டிவி நிகழ்ச்சியைப் பார்த்துத்தான். வீட்டு விலை சரிந்தது. வங்கிகள் கடன் தரத் தயங்கின. கடல் வர இன்னும் நாற்பது வருஷம் இருந்தது, நஷ்டம் அந்த வாரமே வந்துவிட்டது. அரிப்பில் வீடு போனால் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லும் சட்டமும் அங்கே இல்லை.

இதைக் கேட்டதும், "பாத்தீங்களா, உள்ளாட்சிகள் இதையெல்லாம் வாயத் திறந்து சொல்லவே கூடாது" என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சொல்லாமல் விட்டால் நஷ்டம் காணாமல் போய்விடுவதில்லை. அடுத்து வாங்குகிறவர் தலையில் போய் உட்காரும், அவரும் வாயை மூடிக்கொண்டால் அதற்கடுத்தவர் தலையில். கடைசியில் இருபது வருஷ வீட்டுக்கடனோடு யாரோ ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பார். நம் ஊரில் வீடு வாங்கும்போது முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். அதில் இருப்பதெல்லாம் பின்னால் நடந்தவை. முன்னால் இருக்கிற முப்பது வருஷத்துக்கு ஒரு தாள்கூடக் கிடையாது.

அந்தத் தாளை யார் எழுதுவது? நகரத் திட்டமிடல் என்பது அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்கான முதல் வேலையாகவே இருக்கிறது. சென்னையில் அந்த வேலை சிஎம்டிஏவிடம். காலநிலைச் செயல்திட்டத்தை 2023-இல் வெளியிட்டதோ மாநகராட்சி. ஒரு கை வெள்ளத்தைக் கணக்குப் போடுகிறது, இன்னொரு கை எங்கே கட்டலாம் என்று கோடு போடுகிறது. இதற்கிடையில் 2016-இலிருந்து 2022 வரை மாநகராட்சியில் கவுன்சிலர்களே இல்லை. கேள்வி கேட்கிறவன் யாரிடம் போவான்? இப்போது தயாராகிவரும் மூன்றாவது மாஸ்டர் பிளான் 2046 வரைக்குமானது. அப்பாவின் வீட்டை வாங்குகிறவர் கடனைக் கட்டி முடிக்கிற காலம்.

ஆனால் கோடு போட்டுவிட்டால் மட்டும் நேர்மை முடிந்துவிடுமா என்பதுதான் என்னை அரிக்கிறது. அப்பா 1998-இல் வாங்கியது 'அப்ரூவ்டு பிளாட்'. அப்போது பள்ளிக்கரணை மாநகராட்சியில்கூட இல்லை. 2011-இல்தான் சேர்ந்தது. அரசு முத்திரை குத்தியது, வரி வாங்கியது, மின்சாரம் கொடுத்தது. அந்த முத்திரையை நம்பியவரிடம் இன்றைக்கு, "உங்க இடம் சிவப்புக் கோட்டுக்குள்ள சார்" என்று சொன்னால், அந்த நஷ்டத்தில் முத்திரை குத்தியவருக்கும் பங்கு இருக்கிறது. கோடு போடுகிற அதே நாளில் கோட்டுக்குள் இருப்பவர்களுக்கான பணத்தையும் பட்ஜெட்டில் எழுத வேண்டும். ஃபேர்போர்னில் உண்மை வந்தது, பணம் வரவில்லை.

இப்படி எழுதும்போதே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. 2015-க்குப் பிறகு வெள்ள ஆபத்து என்று சொல்லி ஆற்றங்கரைகளிலிருந்து எத்தனையோ குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அதுவும் இதே சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான இடம்தான். அவர்களுக்கு நாற்பது வருஷ அவகாசம் தரவில்லை, விற்பதற்குப் பட்டாவும் இருக்கவில்லை. நஷ்டஈடு என்று நான் பேசுவதெல்லாம் பத்திரம் இருப்பவர்களுக்கு மட்டும்தானா? பத்திரம் இல்லாதவரையும் சேர்த்துக் கணக்குப் போடாத திட்டம் எங்கள் தெருவுக்கு நல்லதாக இருக்கலாம், நியாயமானதாக இருக்காது.

நேற்று அப்பாவிடம் சொன்னேன். அந்த அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று.

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "சொல்லலாம்மா. பத்து லட்சம் கம்மியாக் கேப்பாங்க. இல்ல, வரவே மாட்டாங்க. அம்மா ஆபரேஷனுக்கு அந்தப் பணம்தான். அத யாரு குடுப்பா, நீயா, கவர்மென்ட்டா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறார்கள், இந்த முறை ஒரு இன்ஜினியரோடு. மாடிப்படிக்குக் கீழே பெயின்ட் அடிக்காத சுவரில் 2023 தண்ணீரின் கறை இன்னும் இருக்கிறது. லைட்டைப் போட்டால் தெரியும்.