"இதுல என்ன இருக்கு?" – முதல் போணியும் முருகன் பாதமும்

ஓம் சரவணபவ!


இன்னிக்கு ஒரு கேள்வியை எடுத்துக்கலாம். சின்னச் சின்ன விஷயத்தைச் செஞ்சு முடிச்சதுக்கு ஒருத்தர் சந்தோஷப்படலாமா? நேரத்துக்கு எழுந்தது, அரியர் பேப்பர்ல ஒரு பாடம் முடிச்சது, கோபம் வந்தும் வாயை அடக்கினது... இதையெல்லாம் முருகன் படத்துக்கு முன்னாடி நின்னு "செஞ்சுட்டேன்ப்பா"ன்னு சொல்லலாமா? இல்ல, அது அகங்காரமா?

இந்தக் கேள்வி எனக்குச் சும்மா வரல. எங்க திருவொற்றியூர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி. ஐடிஐ முடிச்சுட்டு கான்ட்ராக்ட் வேலைக்குப் போறான். நிரந்தர வேலை கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டு ஆறு செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி போனான். ஆறாவது வாரமும் முடிஞ்சது, வேலை வரல. அன்னிக்கு ராத்திரி எனக்கு ஒரு மெசேஜ்: "அண்ணா, எல்லாருக்கும் அதிசயம் நடக்குது. முருகனுக்கு என்னை மட்டும் பிடிக்கலையா?"

அவன் போனைத் திறந்தா வர்றது முழுக்க அதிசயக் கதைங்க. ஆறு வாரத்துல வீடு, 48 நாள் வேல்மாறல் படிச்சு முடிச்ச அன்னிக்கே வேலை. அந்தக் கதைங்க பொய்னு நான் சொல்ல வரல. ஆனா அதையே பார்த்துக்கிட்டு இருந்தா, பக்தியும் ஒரு மார்க் ஷீட் மாதிரி ஆயிடுது. கேட்டது கிடைச்சவன் பாஸ், கிடைக்காதவன் ஃபெயில்.

நான் அவன்கிட்ட ஒண்ணுதான் கேட்டேன். "நைட் ஷிஃப்ட் முடிச்சு, தூங்காம, ஒரு வாரம் கூட விடாம போய்ட்டு வந்தியே தம்பி, அதைப் பத்தி என்ன நினைக்கிற?"

"இதுல என்ன இருக்கு அண்ணா?"ன்னான்.

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தான் நாம தினமும் நம்ம உழைப்பைக் குப்பையில போடுறோம்.

போணி நோட்டு

இதுக்கான பதில் நம்ம ஏரியா தெருவிலேயே இருக்கு. காசிமேட்டுல விடியறதுக்கு முன்னாடி மீன் எடுத்துட்டு வந்து தெருவுல உட்கார்ந்து விக்கிற அக்காவைப் பாருங்க. முதல் வியாபாரம் ஆனதும் அந்த நோட்டை ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டுதான் சுருக்குப்பையில போடுவாங்க. ராயபுரத்துல ஷேர் ஆட்டோ ஓட்டுற அண்ணனும் அப்படித்தான். முதல் சவாரிக் காசைத் தொட்டுக் கும்பிட்டு, சாமி படத்துக்குக் கீழ வைப்பார். அது ஐம்பது ரூபாயா, இருபது ரூபாயான்னு யாரும் பார்க்கறதில்ல. "போணி ஆயிடுச்சு" அவ்வளவுதான்.

இதுல ஒண்ணைக் கவனிங்க. அந்த நேரத்துல அக்காவுக்கு அன்னிக்கு லாபமா நஷ்டமான்னு தெரியாது. மீன் எடுக்க வாங்கின கடன் நிக்குது, ஐஸ் கரைஞ்சுக்கிட்டு இருக்கு, வெயில் ஏறுது. அன்னியக் கணக்கு முடியறதுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கு. ஆனாலும் நன்றி சொல்றதை அவங்க ராத்திரிக்குத் தள்ளிப் போடல. ஒரு மீன் வித்ததுக்கு அப்பவே ஒரு கும்பிடு.

சின்ன வெற்றியைக் கொண்டாடுறதுன்னா இதுதான். கேக் வெட்டணும், ஸ்டேட்டஸ் போடணும்னு இல்ல. நடந்ததை நடந்த அன்னிக்கே, நல்லா நடந்துச்சுன்னு ஒத்துக்கணும். பெரிய முடிவு வர்ற வரைக்கும் சந்தோஷத்தைப் பூட்டி வைக்கக் கூடாது.

பாம்பன் சுவாமிகள் படுத்திருந்த படுக்கை

நம்ம பாம்பன் சுவாமிகள் வாழ்க்கையில நடந்தது உங்கள்ல நிறைய பேருக்குத் தெரியும். 1923 டிசம்பர் 27. ராயபுரத்துக்குப் பக்கத்துலயே இருக்குற தம்புச் செட்டித் தெருவுல குதிரை வண்டி மோதி சுவாமிகளுக்குக் கால் எலும்பு முறிஞ்சது. அரசுப் பொது மருத்துவமனையில சேர்த்தாங்க. அப்ப அவருக்கு எழுபது வயசு தாண்டியாச்சு. இந்த வயசுல எலும்பு கூடுறது கஷ்டம்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. அடியார்கள் சண்முக கவசம் ஓதினாங்க. பதினோராவது நாள், 1924 ஜனவரி 6, முருகனோட மயில் வாகனக் காட்சியைச் சுவாமிகள் படுக்கையில இருந்தபடியே கண்டார். கால் குணமாகி வீடு திரும்பினார்.

இன்னிக்கும் திருவான்மியூர்ல சுவாமிகள் சமாதிக் கோயில்ல, மார்கழி வளர்பிறைப் பிரதமையில மயூர வாகன சேவன விழா நடக்குது. அந்த நாளைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அது அவர் ஆஸ்பத்திரியை விட்டு நடந்து வெளிய வந்த நாள் இல்ல. கட்டோட படுத்திருந்த நாள்! வலியும் படுக்கையும் இருந்தப்பவே "அருள் வந்துடுச்சு"ன்னு தெரிஞ்ச நாளைத்தான் அடியார்கள் விழாவா வச்சிருக்காங்க.

தம்பியோட ஆறு வாரமும் அப்படிப்பட்ட நாட்கள்தான்னு நான் நம்புறேன். வேலை இன்னும் வரல, ஆனா விடாம போற மனசு வந்துடுச்சு. அது யார் கொடுத்தது?

மனநல டாக்டருங்க சொல்றது

இதை வெறும் பக்தி ஆறுதல்னு நினைக்காதீங்க. கோவாவுல 10 ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல, கடுமையான மனச்சோர்வு இருந்த 495 பேரை வச்சு ஒரு ஆய்வு செஞ்சாங்க. 2017ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்தது. ஆலோசனை சொன்னவங்க டாக்டருங்க இல்ல, பயிற்சி எடுத்துக்கிட்ட சாதாரண ஆளுங்க. ஆறுல இருந்து எட்டு முறை சந்திச்சு, மனசுக்கு நல்லது பண்ற சின்னச் சின்ன வேலைகளைத் திட்டம் போட்டு மறுபடி செய்ய வச்சாங்க. மூணு மாசம் கழிச்சுப் பார்த்தப்ப, வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைச்சவங்களை விட இவங்களுக்கு மனச்சோர்வு நல்லா குறைஞ்சிருந்தது.

மனசு சோர்ந்தா உடம்பு நகராது. உடம்பு நகரலன்னா மனசு இன்னும் சோரும். இந்தச் சுழல்ல இருக்கிறவனுக்கு, குளிச்சு விபூதி பூசிக்கிட்டதே அன்னிக்கு முதல் போணி. அவன்கிட்ட போய் "இதுல என்ன இருக்கு?"ன்னு நாம கேட்கக் கூடாது. அவனும் தன்னையே அப்படிக் கேட்டுக்கக் கூடாது.

அப்போ அகங்காரம்?

இப்ப அந்தப் பழைய கேள்விக்கு வருவோம். எல்லாம் அவன் செயல்னு சொல்ற பக்தன், "நான் செஞ்சேன்"னு சொல்லலாமா?

சூரசம்ஹாரத்தை நினைச்சுப் பாருங்க. "நான்"ங்கிற ஆணவத்தோட உருவம்தான் சூரபத்மன். கடைசியில மாமரமா நின்னப்ப வேல் அதை ரெண்டா பிளந்தது. ஆனா முருகன் அவனை இல்லாம ஆக்கிடல. ஒரு பாதியை மயிலாக்கி அது மேல ஏறிக்கிட்டார். இன்னொரு பாதியைச் சேவலாக்கிக் கொடியில வச்சார். அதாவது, "நான்" இருக்கட்டும், ஆனா அவருக்குக் கீழ வேலை செய்யட்டும்.

"நான் அவனை விட ஒசத்தி"ன்னு சொன்னா அது சூரன். "நீ கொடுத்த தெம்புல இன்னிக்கு இதைச் செஞ்சேன் முருகா"ன்னு சொன்னா அது மயில். செஞ்ச வேலை ஒண்ணுதான், அதைக் கொண்டு போய் யார் காலடியில வைக்கிறோம்ங்கிறதுதான் வித்தியாசம். இன்னொண்ணும் சொல்றேன். "நான் எதுக்கும் லாயக்கில்ல"ன்னு நாள் முழுக்கப் புலம்புறது பணிவு ஆகாது. அதுலயும் "நான்"தான் நடுவுல உட்கார்ந்திருக்கு.

பெரிய பிரச்சனை அப்படியே இருக்கே?

இப்படியும் சிலர் கேட்பீங்க. "வடசென்னையில புகை இருக்கு, கான்ட்ராக்ட் வேலை இருக்கு. சின்னதுல சந்தோஷப்படுன்னா, கிடைச்சதை வச்சுட்டு சும்மா இருன்னு அர்த்தமா?" நியாயமான கேள்வி.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆறு, எண்ணூர் முகத்துவாரம் எல்லாம் பரவினப்ப, நம்ம மீனவ அண்ணன்மார் படகுல போய் பக்கெட்டுலயும் மக்குலயும் அதை அள்ளினாங்க. ஒரு பக்கெட் அள்ளினா ஆறு சுத்தமாகாது, அது அவங்களுக்கும் தெரியும். ஆனாலும் அள்ளினாங்க. அதே கையால நஷ்ட ஈடும் கேட்டாங்க. ஒண்ணு இன்னொண்ணைத் தடுக்கல. ஒரு பக்கெட்டை மதிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் நாளைக்கும் போய் நிக்கத் தெம்பு இருக்கும். சின்னதைக் கொண்டாடு, பெரியதைக் கேட்பதை நிறுத்தாதே. நான் சொல்றது இவ்வளவுதான்.

இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிக்கலாம்

விளக்கு வைக்கும்போதோ, படுக்கறதுக்கு முன்னாடியோ, அன்னிக்குச் செஞ்ச ஒரே ஒரு விஷயத்தை முருகன்கிட்ட வாய்விட்டுச் சொல்லுங்க. "இன்னிக்கு நல்லா இருந்தேன்"னு பொத்தாம் பொதுவா வேண்டாம். "அப்பாகிட்ட கத்தாம பேசினேன்", "ரெண்டு கம்பெனிக்கு பயோடேட்டா அனுப்பினேன்"னு குறிப்பா சொல்லுங்க. சொல்லிட்டு விபூதி எடுத்துக்கோங்க. வீட்டுல யாராவது சின்னதா ஒண்ணு செஞ்சிருந்தா அதையும் அவங்க காதுல விழற மாதிரி சொல்லுங்க. அம்மா வருஷம் முழுக்க வடிக்கிற சோத்துக்கு நாம ஒரு தடவையாவது போணி போட்டிருக்கோமா?

ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் பிடிப்பு இல்லாம, தூக்கம் இல்லாம, உயிரோட இருக்கவே வேண்டாம்னு தோணினா, இந்தப் பழக்கம் மட்டும் போதாது. 14416, டெலி மானஸ், அரசாங்கத்தோட இலவச மனநல உதவி எண். தமிழ்லயே பேசலாம். சுவாமிகளும் ஆஸ்பத்திரிக்குப் போனவர்தான், அதனால அவர் பக்தி குறைஞ்சுடல.

"இதுல என்ன இருக்கு?"ன்னு சொல்ற தம்பி, தங்கச்சி யாராவது உங்க கான்டாக்ட்ல இருந்தா இதை அவங்களுக்கு அனுப்புங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
வேலும் மயிலும் துணை.